பரிசிழந்த வானோடி

மலைநாட்டிலே பிறந்து வளர்ந்த நமக்கு முகிலென்பது எட்டாப் பொருளன்று. அட்டனிலும் நுவரெலியாவிலும் அது காலையிலே தேயிலை மலைகளின்மீது படிந்து, லயத்து வாசல்வரை வந்து நின்று, பாடசாலை மணி அடிக்கும் வேளையிலே மெல்ல விலகிச் செல்லும். எனினும் அம்முகிலுக்கு மேலே செல்லும் வானவூர்தி நெடுங்காலம் நமக்கு வெறும் ஓசையாகவே இருந்து வந்தது. தலையை உயர்த்திப் பார்ப்போம்; ஒன்றுந் தோன்றாது; ஓசை தேய்ந்து மறையும். அவ்வோசையின் பின்னே எத்துணைக் கணக்கும் எத்துணைப் பொறுமையும் எத்துணைத் துணிவும் அடங்கியுள்ளன என்பதை நம் மாணவர் அறிதல் நன்று. அதன்பொருட்டு, தம் மனமகிழ்ச்சிக்காகப் பறக்கத் தொடங்கி, அந்நிய நாடுகளுக்குத் தனியே விமானஞ் செலுத்தி, ஈற்றில் நம் நாட்டுத் தபாற் பையையும் வானேற்றிய ஒருவரின் வரலாற்றை இவ்விழா மலரிலே எழுதப் புகுந்தோம். அவர் ஜே. ஆர். டி. டாட்டா எனும் பெருந்தகை.

ஜஹாங்கீர் ரத்தன்ஜி தாதாபாய் டாட்டா 1904 ஆம் ஆண்டு யூலை 29 ஆம் நாள் பாரிஸ் மாநகரிலே பிறந்தார். தந்தையார் ரத்தன்ஜி தாதாபாய் டாட்டா பம்பாய்ப் பார்சி வகுப்பினர். இந்தியாவின் பெருந்தொழிலதிபராய் விளங்கிய ஜம்ஷெட்ஜி டாட்டாவின் நெருங்கிய உறவினர். தாயார் சுசான் பிரெஞ்சு நாட்டு நங்கை. இவ்விரு நாடுகளுக்குமிடையே மாறிமாறி வாழ்ந்த குடும்பத்திலே பிள்ளையின் கல்வியும் ஓரிடத்தில் நிலைக்கவில்லை. பாரிஸிலும் பம்பாயிலும் யப்பானிலுள்ள யோக்கஹாமாவிலும் அவர் பயின்றார்.

பிரான்சின் வடகடற்கரையில் ஹார்டலோ என்றோர் ஊர் உண்டு. அங்கே இக்குடும்பத்தினர்க்குக் கோடைகால இல்லம் ஒன்று இருந்தது. 1909 ஆம் ஆண்டு யூலை 25 ஆம் நாள் ஆங்கிலக் கால்வாயை முதன்முதல் விமானத்திற் கடந்து உலகை வியக்கச் செய்த லூயி பிளேரியோ என்பவரும் அவ்வூரிலே இல்லம் வைத்திருந்தார். அவருடைய விமானங்கள் கடற்கரை மணலில் இறங்குவதைச் சிறுவன் ஜஹாங்கீர் வாய்பிளந்து பார்த்து நின்றான். பதினைந்தாம் வயதிலே, கட்டணம் பெற்றுக்கொண்டு பொதுமக்களை ஏற்றிச் சென்ற விமானமொன்றில் அவ்வூரிலேயே முதன்முறையாகப் பறந்தான். இறங்கியபொழுது தானும் விமானி ஆவது என்று அவன் உள்ளம் உறுதி கொண்டுவிட்டது. அவ்வுறுதி கைகூடுதற்குப் பத்தாண்டுகள் சென்றன.

அப்பத்தாண்டுகளும் இன்பமாகக் கழிந்தனவல்ல. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலே பொறியியல் பயில வேண்டுமென்பது இளைஞரின் பேரவா. ஆயினும் பிரெஞ்சுக் குடிமகனென்ற முறையிலே ஓராண்டு படைப்பணி செய்ய நேர்ந்தது. அது முடிந்ததும் தந்தையார் அவரைப் பம்பாய்க்கு அழைத்துக்கொண்டார். 1925 ஆம் ஆண்டின் இறுதியிலே டாட்டா நிறுவனத்தில் ஊதியமில்லாப் பயிலுநராகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டே தந்தையார் காலமானார். இருபத்திரண்டு வயதிலே குடும்பச் சுமை தோளேறிற்று. பல்கலைக்கழகக் கனவு நனவாகவே இல்லை. பிற்காலத்திலே இந்தியாவின் மிகப்பெரிய தொழிற்குழுமத்தை அரை நூற்றாண்டுக்கு மேல் நடத்திய இவர் ஒரு பட்டமும் பெறாதவர் என்பதை நம் மாணவர் நினைவிற் கொள்ளல் வேண்டும். கிட்டாத கல்வியைத் தம் வாழ்நாள் முழுதும் நூல்களின் வாயிலாக அவர் தேடிக்கொண்டே இருந்தார்.

1929 ஆம் ஆண்டின் தொடக்கத்திலே பம்பாயில் விமானப் பயிற்சிச் சங்கம் திறக்கப்பட்டது. அதிலே முதலிற் சேர்ந்தோருள் ஜே. ஆர். டி. ஒருவர். ஏறத்தாழ மூன்றே முக்கால் மணி நேரம் ஆசிரியருடன் பறந்த பின்னர்த் தனியே விமானத்தைச் செலுத்தினார். அவ்வாண்டு பெப்ரவரி 10 ஆம் நாள் விமானி அனுமதிப்பத்திரம் பெற்றார். இந்திய மண்ணிலே வழங்கப்பட்ட அத்தகைய பத்திரங்களுள் முதலாம் இலக்கம் பொறித்தது அதுவே. அந்நியர் ஆட்சியில் அழுந்திக் கிடந்த ஒரு நாட்டினர்க்கு அது சிறு தாளாகத் தோன்றவில்லை.

அவ்வாண்டின் பிற்பகுதியிலே ஆகாகான் ஒரு பரிசை அறிவித்தார். இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கோ இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்கோ, குறித்த காலத்துக்குள், துணையின்றித் தனியே பறந்து சேரும் முதல் இந்தியருக்கு 500 பவுண் பரிசு. மூவர் முன்வந்தனர். மன்மோகன் சிங் என்பவர் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டார். கராச்சியைச் சேர்ந்த ஆஸ்பி எஞ்சினியர் என்னும் பதினேழு வயது இளைஞரும் இங்கிலாந்திலிருந்தே புறப்பட்டார். ஜே. ஆர். டி. 1930 ஆம் ஆண்டு மே 3 ஆம் நாள் கராச்சியிலிருந்து எதிர்த்திசையிலே கிளம்பினார்.

அவர் ஏறிச் சென்ற விமானம் ஜிப்சி மோத் எனப்படுவது. இன்றைய பெருவிமானங்களை நினைத்துக்கொண்டு அதனைக் கற்பனை செய்தல் இயலாது. மரச்சட்டமும் துணியும் கொண்டு அமைந்த இரட்டைச் சிறகு ஊர்தி அது. மேற்கூரை இல்லை, விமானியின் முகத்திலே காற்றும் மழையும் நேரே மோதும். நான்கு உருளைகள் கொண்ட, ஏறக்குறைய 100 குதிரைவலு உள்ள எஞ்சின். மணிக்கு 85 மைல் வேகம். ஒருமுறை பெற்றோல் நிரப்பினால் சுமார் 320 மைல் செல்லும். வானொலி இல்லை, வழிகேட்க ஆளில்லை, பழுது பார்க்கத் துணைவனும் இல்லை.

இத்தகைய ஊர்தியிலே நாடு கடந்து செல்வோன் தரையிலே செய்யும் வேலை வானிலே செய்யும் வேலையினும் பெரிது. முதலாவது வழி. 1929 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் இம்பீரியல் எயர்வேஸ் என்னும் ஆங்கில விமானக் கம்பெனி இலண்டன் முதல் கராச்சி வரை தபாற் சேவை தொடங்கியிருந்தது. ஜாஸ்க், லிங்கே, புஷயர், பஸ்ரா, பக்தாத், காசா என அது இறங்கிய இடங்களிலேயே பெற்றோலும் பழுதுபார்ப்போரும் கிடைத்தனர். தனி விமானியும் அவ்விடங்களை ஒட்டியே தன் நாட்களைப் பகுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இரண்டாவது அனுமதி. 1919 ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையின்படி ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலத்தின் மேலுள்ள வானிலும் முழு உரிமை உண்டு. ஆதலின் வானிலே வேலியில்லை என்று எண்ணிக் கிளம்பியவன் இறங்குமிடத்திலே தடுக்கப்படுவான். கடிதமெழுதி, காத்திருந்து, இசைவு பெற்ற பின்னரே புறப்படல் வேண்டும்.

மூன்றாவது கணக்கு. இதனை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். மகாவலியிலே ஓடம் விடுவோன் எதிர்க்கரைத் துறையை நேரே நோக்கிச் செலுத்தினால், நீரோட்டம் அவனைக் கீழே இழுத்துச் சென்றுவிடும். எனவே அவன் ஓடத்தின் முகத்தை மேற்பக்கமாகத் திருப்பிச் செலுத்துகிறான். விமானிக்குக் காற்றே நீரோட்டம். 300 மைல் தூரத்தை மணிக்கு 85 மைல் வேகத்தில் கடக்க மூன்றரை மணி நேரமாகும். மணிக்குப் பத்து மைல் வேகத்தில் பக்கவாட்டிலே காற்று வீசுமாயின், அதனைக் கருதாத விமானி முடிவிலே 35 மைல் விலகி நிற்பான். பாலைவனத்திலே 35 மைல் என்பது உயிருக்கும் சாவுக்கும் உள்ள தூரம். இதனாலே விமானி திசைகாட்டியையும் கடிகாரத்தையும் படத்தையும் மடிமீது வைத்து, கீழே தெரியும் கரையையும் ஆற்றையும் இருப்புப்பாதையையும் கண்டு, தான் நிற்குமிடத்தைக் கணந்தோறும் சரிபார்த்துக் கொள்வான். மணற்புயலும் நண்பகல் வெப்பமும் எழுமுன்னே விடியற்காலையிற் கிளம்புதலும், சேருமிடத்துக்கு வேண்டியதனினும் மிகையாகப் பெற்றோல் வைத்திருத்தலும் இக்கணக்கைச் சார்ந்தனவே.

தான் நிற்குமிடத்தை அறியாமையின் கொடுமையை உலகில் யாரினும் நம் மலைநாட்டார் நன்கறிவர். 1974 ஆம் ஆண்டு டிசம்பர் 4 ஆம் நாள் இரவு, இந்தோனேசியாவிலிருந்து மக்கா யாத்திரிகரை ஏற்றிக்கொண்டு கொழும்பை நோக்கி வந்த மார்ட்டின் எயர் விமானம் நோர்ட்டன் பிரிட்ஜை அடுத்த ஏழு கன்னியர் மலையில் மோதி, 191 பேர் மாண்டனர். விமானிகள் தாம் இருக்குமிடத்தைத் தவறாகக் கணித்து, பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கியதே அதற்குக் காரணமென விசாரணையிலே தெரிந்தது. ஜே. ஆர். டி. பறந்த காலத்தில் இல்லாத கருவிகள் பலவும் அவ்விமானத்தில் இருந்தன. கருவிகள் பெருகினும் கணக்கைச் சரிபார்க்கும் கடமை நீங்குவதில்லை.

நான்காவது, மாற்றுறுப்புகள். எஞ்சினுள்ளே பெற்றோல் ஆவியைத் தீப்பொறியால் மூட்டுவது பிளக் எனும் சிறு கருவி. விரல் நீளமே உள்ளது; விலையும் பெரிதன்று. ஆனால் அது கெட்டால் எஞ்சின் தடுமாறும். ஜே. ஆர். டி. புறப்படுமுன்னர் மாற்றுப் பிளக்குகளைத் தம்முடன் எடுத்து வைத்துக்கொண்டார். இச்சிறு செயலே இவ்வரலாற்றின் திருப்பமாயிற்று.

பாரசீக வளைகுடாவின் கரையோரமாகவும், ஈராக்கையும் பலஸ்தீனத்தையும் கடந்தும் அவர் எகிப்து சேர்ந்தார். அலெக்சாந்திரியாவை அடுத்த அபூக்கீர் விமான நிலையத்தில் இறங்கியபொழுது, அங்கே மற்றொரு ஜிப்சி மோத் அசைவின்றி நின்றது. அது ஆஸ்பியினுடையது. இலண்டனிலிருந்து அவ்வளவு தூரம் வந்த இளைஞர், பிளக் பழுதாகி, மாற்றுப் பிளக் இன்மையால் முன்செல்ல வழியின்றி அங்கே தங்கி நின்றார். ஒரே பரிசுக்குப் போட்டியிடும் இருவர் அந்நிய மண்ணிலே எதிரெதிரே நின்றனர். ஒருவரிடம் உறுப்பு இருந்தது, மற்றவரிடம் இல்லை. கொடுக்காமற் செல்லுதல் எவ்விதிக்கும் முரணன்று. ஒரு வணக்கஞ் சொல்லிப் புறப்பட்டிருந்தால் குறை கூறுவாருமில்லை. ஜே. ஆர். டி. தம்மிடமிருந்த பிளக்குகளிலே பகுத்துக் கொடுத்தார். இருவரும் தத்தம் வழியே சென்றனர். ஒருவர் மேற்கு நோக்கி, மற்றவர் கிழக்கு நோக்கி.

ஆஸ்பி கராச்சியை அடைந்தார். ஜே. ஆர். டி. இலண்டனை அடைந்ததோ அதற்குச் சில மணி நேரம் பின்னர். மன்மோகன் சிங் காலக்கெடுவைத் தாண்டிவிட்டமையால் அவர்க்குப் பரிசு கிட்டவில்லை. 500 பவுணும் ஆஸ்பிக்கே உரியதாயிற்று. இத்தோல்வி குறித்து ஜே. ஆர். டி. வருந்தியதாக ஒரு செய்தியும் இல்லை. அன்றைய இளைஞர் ஆஸ்பி விமானப்படையிற் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து, 1960 முதல் 1964 வரை இந்திய விமானப்படையின் தலைமைத் தளபதியாக விளங்கினார். மன்மோகன் சிங் இரண்டாம் உலகப்போரிலே நீர்விமானம் செலுத்தி, 1942 ஆம் ஆண்டு மார்ச்சு 3 ஆம் நாள் அவுஸ்திரேலியாவின் புரூம் துறைமுகத்தில் யப்பானியர் தாக்குதலால் உயிர் நீத்தார். அதே 1930 ஆம் ஆண்டு மே மாதத்திலேதான் ஏமி ஜோன்சன் என்னும் ஆங்கில நங்கை ஒரு ஜிப்சி மோத்தில் தனியே கிளம்பி, கராச்சி வழியாக அவுஸ்திரேலியா சேர்ந்து உலகப் புகழ் எய்தினார் என்பதையும் ஈண்டுக் குறிப்பிடல் பொருந்தும்.

பரிசு போயிற்றாயினும் அப்பயணம் வீண்போகவில்லை. தனியொருவனாகச் சிறு விமானத்தில் இத்துணை நாடுகளைக் கடந்து வந்தவர்க்கு, குறித்த நாளிலே குறித்த இடத்திலே தபாலை இறக்குதல் இயலும் என்பதில் ஐயமெழவில்லை. நெவில் வின்சென்ட் என்னும் விமானி வகுத்த திட்டத்தை ஏற்று, டாட்டா நிறுவனம் இரண்டு இலட்சம் ரூபாய் முதலிட்டு விமானத் தபாற் பகுதியைத் தொடங்கிற்று. 1932 ஆம் ஆண்டு ஒக்டோபர் 15 ஆம் நாள் ஜே. ஆர். டி. புஸ் மோத் விமானத்திலே தபாற் பையுடன் கராச்சியிலிருந்து கிளம்பி அகமதாபாத்தில் இறங்கினார். அங்கே மாட்டு வண்டியிலே நான்கு கலன் தகரங்களிற் கொண்டுவரப்பட்ட பெற்றோலை நிரப்பிக்கொண்டு பம்பாய் வந்து சேர்ந்தார். அங்கிருந்து வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குத் தபாலைக் கொண்டு சென்றார். வானொலித் துணையும் ஒழுங்கான ஓடுபாதையும் இல்லாத நாட்கள் அவை.

இனி, இவ்வரலாறு நம் மலைகளோடு சேருமிடத்தைக் காண்போம். நம் முன்னோர் தமிழகத்திலிருந்து வந்த வழியையும் அவர் எழுதிய கடிதங்கள் சென்ற வழியையும் நாம் மறத்தலாகாது. 1914 ஆம் ஆண்டு முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடிற்று. இரு கரையிலும் புகைவண்டி காத்து நின்றது. தோட்டத்துத் தப்பால்காரர் தோளிற் சுமந்து வந்த பையிலே திருச்சிராப்பள்ளிச் சீமையிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த கடிதங்கள் அவ்வழியாகவே வந்தன. 1935 ஆம் ஆண்டு நவம்பர் 27 ஆம் நாள் சென்னை விமானச் சங்கத்தின் தலைமைப் பயிற்சி ஆசிரியர் டின்டேல் பிஸ்கோ ஒரு புஸ் மோத் விமானத்தை இரத்மலானையில் இறக்கினார். அந்நிலையத்தில் இறங்கிய முதல் விமானம் அதுவே. 1938 ஆம் ஆண்டு பெப்ரவரி 28 ஆம் நாள் வின்சென்ட் டாட்டா விமானத்திலே இந்தியாவிலிருந்து தபால் கொண்டு அங்கே வந்திறங்கினார். சென்னைக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் அப்பால் நீண்ட அவ்வழி கொழும்பிலே முடிந்தது. கப்பலையும் புகைவண்டியையும் நம்பியிருந்த கடிதம் வானேறியது. பாக்குநீரிணையைக் கண்ணீரோடு கடந்தோரின் பிள்ளைகள் எழுதிய செய்திகளுக்கும் வானில் ஒரு பாதை திறந்தது.

இரத்மலானைக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் நேர்தூரம் ஏறத்தாழ 280 மைல். பழைய ஜிப்சி மோத்தில் இதனைக் கடந்தால் அரைமணி நேரம் பறத்தற்கே பெற்றோல் மிஞ்சும். எதிர்க்காற்று வீசினால் அதுவும் மிஞ்சாது. இன்று தம் பொழுதுபோக்குக்காக அத்தூரத்தைச் சிறு விமானத்திற் கடக்க விரும்புவோர்க்குச் செயற்கைக் கோள்கள் இடங்காட்டுகின்றன, வானொலி வழிநடத்துகின்றது. ஆயினும் 1944 ஆம் ஆண்டுச் சிக்காகோ உடன்படிக்கையின் பின்னரும் அவர் தம் அனுமதிப்பத்திரத்தையும் விமானத்தின் பதிவுப் பத்திரத்தையும் உடன்கொண்டு செல்லல் வேண்டும்; பயணத் திட்டத்தை முன்னரே எழுதிக் கொடுத்தல் வேண்டும்; சுங்கமும் குடிவரவும் உள்ள நிலையத்திலேயே இறங்கல் வேண்டும். எங்கே நிற்கிறேன், எவ்வளவு பெற்றோல் உண்டு, எவர் இசைவு தந்தார், எது கெட்டால் என் செய்வேன் என்னும் நான்கு வினாக்களும் 1930 ஆம் ஆண்டிற் போலவே இன்றும் விமானியின் முன் நிற்கின்றன.

ஜே. ஆர். டி. யின் பிற்கால வாழ்வு உலகறிந்தது. 1938 ஆம் ஆண்டிலே, தம் முப்பத்து நான்காம் வயதில், டாட்டா நிறுவனத்தின் தலைமையை ஏற்றார். 1948 ஆம் ஆண்டு யூன் 8 ஆம் நாள் எயர் இந்தியா இண்டர்நாஷனலின் முதல் விமானம் பம்பாயிலிருந்து இலண்டனுக்குக் கிளம்பியபொழுது அவரும் அதிலே பயணியாய் அமர்ந்திருந்தார். 1930 இல் தனியே சென்ற திசையிலே இப்பொழுது ஒரு நாட்டின் பெயரைத் தாங்கிச் சென்றார். 1953 ஆம் ஆண்டிலே அரசாங்கம் விமானக் கம்பெனிகளை நாட்டுடைமையாக்கிற்று. அம்முறை தவறென அவர் வாதாடினார், வாதம் ஏற்கப்படவில்லை. எனினும் தாம் பெற்று வளர்த்ததைப் பிறர் கையிற் கண்டு விலகிவிடாமல், ஊதியமின்றித் தலைவராயிருந்து இருபத்தைந்து ஆண்டுகள் அதனைப் பேணினார். 1978 ஆம் ஆண்டிலே அரசாங்கம் அவரை அப்பதவியிலிருந்து நீக்கியது. அவருக்கு அது பெருந்துயரம். அப்பொழுதும் அவர் அந்நிறுவனத்தின் நலத்தையே விரும்பினார். அவர் மறைந்து பல ஆண்டுகள் கழிந்து, 2022 ஆம் ஆண்டு ஜனவரியில் எயர் இந்தியா மீண்டும் டாட்டா குழுமத்தின் கைக்கு வந்து சேர்ந்தது.

1982 ஆம் ஆண்டு ஒக்டோபர் 15 ஆம் நாள், முதல் தபாற் பயணத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவிலே, எழுபத்தெட்டு வயது முதியவராய், பழைய லெபேட் மோத் விமானமொன்றைத் தாமே செலுத்திக் கராச்சியிலிருந்து பம்பாய் வந்து சேர்ந்தார். 1992 ஆம் ஆண்டிலே பாரத ரத்தினம் எனும் உயர் விருது அவரை அடைந்தது. 1993 ஆம் ஆண்டு நவம்பர் 29 ஆம் நாள் ஜெனீவாவிலே காலமாகி, தாம் பிறந்த பாரிஸ் மாநகரிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

பெருந்தொழில்களையும் விருதுகளையும் கொண்டு அவரை அளப்போர் பலர். மாணவர்க்கு அபூக்கீரில் நிகழ்ந்ததே தக்க அளவுகோல் என்பது எம் கருத்து. அங்கே அவர் காட்டிய பெருந்தன்மைக்கு முன்னதாக ஒன்று நிகழ்ந்திருந்தது. கராச்சியிலே, புறப்படுமுன்னர், வழியில் எவை கெடக்கூடும் என்று எண்ணிப் பார்த்துப் பெட்டியிலே எடுத்து வைத்திருந்தார். ஆயத்தமின்றி வந்தவனிடம் நல்லெண்ணம் மலைபோல் இருந்தாலும், நடுவழியில் நிற்போனுக்குக் கொடுப்பதற்கு ஒன்றும் இராது. தேர்வுக்குச் செல்லும் மாணவன் இரண்டு பேனா எடுத்துச் செல்வதும், ஆசிரியன் தன் பாடத்துக்கு வேண்டியதனினும் மிகையாகக் கற்று வகுப்பிற் புகுவதும் இவ்வகையினவே. நம் கல்லூரியின் பழைய மாணவர் பலர் தாம் கற்றதையும் ஈட்டியதையும் பின்வரும் இளையோர்க்குப் பகுத்தளித்து வருகின்றனர். அவர்தம் பெட்டியிலே முன்னரே ஏதோ ஒன்று இருந்தமையாலன்றோ அது இயல்வதாயிற்று?

லயத்து வாசலிலே நின்று முகிலுக்கு மேலுள்ள ஓசையைக் கேட்கும் சிறுவருள் ஒருவன் ஒருநாள் அவ்வூர்தியைச் செலுத்துவோனாக விளங்குக. அவன் கணக்கிலே பிழையின்றி விளங்குக; அவன் பெட்டியிலே பிறர்க்கும் ஒன்று இருக்குக. வாழ்க நம் கல்லூரி.